பாபெல்ஸ்பெர்க்கில் படத்தொகுப்புப் படித்த காலம்

ஜெர்மனியில் சினிமா படிக்க விரும்பும் தமிழ் மாணவர்கள் எனக்கு எழுதும்போது, முதலில் செலவைப் பற்றிக் கேட்கிறார்கள்; அடுத்ததாக, அங்கே என்ன கேமரா கையில் கொடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் போட்ஸ்டாம் நகரின் பாபெல்ஸ்பெர்க் பகுதியில் இருக்கும் கோன்ராட் வோல்ஃப் திரைப்படப் பல்கலைக்கழகத்தில் படத்தொகுப்புப் படித்தவன் என்ற முறையில், அவர்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். அங்கே ஒரு ஷாட்டை எங்கே வெட்டினாய் என்று கேட்பதோடு நிறுத்தமாட்டார்கள். ஏன் அங்கே வெட்டினாய் என்று கேட்பார்கள். அதற்கான விடையை, அந்தப் படத்தில் வேலை செய்த அத்தனை பேர் முன்னிலையிலும், ஜெர்மன் மொழியில், வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அந்தப் படிப்பின் கடினமும் பயனும் இந்த ஒரு வழக்கத்தில்தான் அடங்கியிருக்கின்றன.

அதற்கு முன் நான் சென்னை சாலிகிராமத்தில் உதவிப் படத்தொகுப்பாளனாக இருந்தேன். தமிழ் சினிமாவில் தொழில் கற்கும் முறை எல்லோரும் அறிந்ததே. ஒரு எடிட்டரிடம் சேர்ந்து, ஹார்டு டிஸ்க்குகளை அடுக்கி, ஃபுட்டேஜை ஒலியோடு பொருத்தி, டீ வாங்கி வந்து, அவருடைய தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு நாள் ஒரு பாடலோ சண்டைக் காட்சியோ கைக்கு வரும். சார் ஏன் அப்படி வெட்டினார் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டாலும், “பார்க்க நல்லாருக்குல்ல?” என்பதே விடையாக இருக்கும், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அந்த முறையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வேகம், பொறுமை, ஒரு காட்சி எந்த இடத்தில் தொய்கிறது என்பதை உடம்பால் உணர்வது ஆகிய மூன்றையும் எனக்குக் கொடுத்தது அதுதான். ஆனால் காரணம் சொல்லத் தெரியாத ஒரு படத்தொகுப்பாளரின் வெட்டை யார் வேண்டுமானாலும் மாற்றச் சொல்லலாம். மாற்ற வேண்டாம் என்று வாதாட அவரிடம் சொற்கள் இருக்காது. எனக்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டன.

பல்கலைக்கழகக் கட்டடம் மார்லேன டீட்ரிஷ் சாலையில், பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோவை ஒட்டியே நிற்கிறது. 1912 பிப்ரவரியில் அங்கே முதல் படப்பிடிப்பு தொடங்கியது. ஊமைப்படக் காலத்தின் பெரும் படைப்புகள் சில உருவான மிகப்பெரிய தளம் 1926இல் கட்டப்பட்டது, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 1920களின் இறுதியில் தேவிகா ராணி, அப்போது அந்த ஸ்டுடியோவை நடத்திய உஃபா நிறுவனத்தில் தொழில் பழகியது இங்கேதான் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. அவரும் ஹிமான்ஷு ராயும் 1934இல் பம்பாய் டாக்கீஸைத் தொடங்கியபோது, இயக்குநர் ஃப்ரான்ஸ் ஓஸ்டனும் ஒளிப்பதிவாளர் யோசெஃப் விர்ஷிங்கும் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். இந்தியர்கள் சினிமா கற்க இந்த ஊருக்கு வருவது புதிய செய்தி அல்ல.

பள்ளி தொடங்கியது பிற்பாடுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்டுடியோ கிழக்கு ஜெர்மனியின் அரசுத் திரைப்பட நிறுவனமான டெஃபாவின் கைக்கு வந்தது. அதற்கு ஆள் தயார் செய்ய 1954 நவம்பரில் திரைப்படக் கலைக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. இயக்குநர் குர்ட் மெட்ஸிக் அதன் முதல் தலைவர். கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால் வகுப்புகள் நெடுங்காலம் கிரீப்னிட்ஸ் ஏரிக்கரையின் பழைய மாளிகைகளில் சிதறிக் கிடந்தன. 1961க்குப் பிறகு அந்தக் கரையை ஒட்டியே பெர்லின் சுவர் ஓடியது. இன்றைய கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியது 2000இல். கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தது 2014இல். ஜெர்மனியில் மியூனிக், லுட்விக்ஸ்பர்க், கொலோன், பெர்லின் எனப் பல இடங்களில் நல்ல திரைப்படப் பள்ளிகள் உண்டு என்றாலும், திரைப்படத்துக்கென்றே பல்கலைக்கழகத் தகுதி முதன்முதலில் இதற்குத்தான் கிடைத்தது.

இரண்டு மனிதர்களின் கதைகளை நான் அங்கே இருந்த காலம் முழுவதும் மனத்தில் வைத்திருந்தேன். ஒருவர், பள்ளி 1985இலிருந்து தாங்கியிருக்கும் பெயருக்குரிய கோன்ராட் வோல்ஃப். யூதக் குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் நாடகாசிரியரின் மகன். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பி மாஸ்கோவில் குடியேறியது. பதினேழு வயதில் செஞ்சேனையில் சேர்ந்து, 1945இல் சோவியத் சீருடையில், பத்தொன்பது வயது இளைஞராக, தாம் பிறந்த நாட்டுக்குள் நுழைந்தார். அந்த அனுபவத்தை 1968இல் படமாகவும் எடுத்தார். சொந்த மொழி பேசும் மக்களுக்கு நடுவே வேற்று நாட்டவராக நின்று, அவர்கள் பேசுவதைக் கவனித்துக்கொண்டிருக்கும் அந்த இளைஞனின் முகத்தில் படம் எத்தனை நேரம் தங்குகிறது, எப்போது விலகுகிறது என்று பார்ப்பதே எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது.

மற்றவர் மெட்ஸிக். 1965 டிசம்பரில் ஆளும் கட்சியின் மத்தியக் குழு கூடி, டெஃபாவின் அந்த ஆண்டுப் படங்களில் பெரும் பகுதியைத் தடை செய்தது. கிழக்கு ஜெர்மனியின் நீதித்துறையை விமர்சித்து மெட்ஸிக் எடுத்த படமும் அதில் சிக்கியது. பள்ளியின் முதல் தலைவராக அரசே அமர்த்திய ஒருவரின் படம், சுவர் விழும்வரை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது. நான் இதை வெறும் வரலாறாகப் படிக்கவில்லை. தணிக்கைக்கு எந்தக் காட்சி தப்பும், எது தப்பாது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வெட்டும் பழக்கத்தோடு சென்னையிலிருந்து போனவன் நான். ஒரு காட்சியை வைத்திருக்கக் காரணம் சொல்லத் தெரிவது எத்தனை பெரிய விஷயம் என்பது அங்கே இன்னும் அழுத்தமாக உறைத்தது.

இனி படிப்பு நடக்கும் விதம். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, கலை இயக்கம், திரைக்கதை, நடிப்பு, தயாரிப்பு, அனிமேஷன், திரை இசை என்று எல்லாத் துறைகளும் ஒரே கூரையின் கீழ் தனித்தனிப் படிப்புகளாக இயங்குகின்றன. படத்தொகுப்பு அங்கே இயக்கத்தின் துணைப்பாடம் அல்ல. அதற்கெனத் தனி நுழைவுத் தேர்வும் ஆசிரியர்களும் பட்டமும் இருக்கின்றன. ஒரு பயிற்சிப் படம் எடுக்க வேண்டுமானால் துறைக்கு ஒருவராகக் குழு சேர வேண்டும். படப்பிடிப்புக்கு முன்பே, திரைக்கதை இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நாள்களிலேயே, படத்தொகுப்பு மாணவரையும் ஒலி மாணவரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எனக்கு இது புதிது. சாலிகிராமத்தில் ஃபுட்டேஜ் வந்து சேரும்வரை கதை என்னவென்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

நான் தொகுத்த குறும்படம் ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே டிரெவிட்ஸ் என்ற பகுதியில் கிழக்கு ஜெர்மனிக் காலத்துக் கான்கிரீட் பலகை அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒரு வீட்டின் சமையலறையில் தாயும் மகளும் பேசிக்கொள்ளும் ஒரே காட்சிதான் படம். வீட்டை விற்றுவிட்டதாகத் தாய் சொல்கிறாள். மகளுக்கு அது அப்போதுதான் தெரியவருகிறது. அந்தச் செய்தியைக் கேட்கும் கணத்தில் மகளின் முகம் அண்மைக் காட்சியாக வர வேண்டும் என்று ஷாட் பட்டியலில் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, அந்த ஒரு ஷாட் மட்டும் மீதம். அப்போது தயாரிப்பு மாணவி, இயக்குநரைவிட வயதில் இளையவள், படப்பிடிப்பை நிறுத்தினாள். ஒரு நாள் வேலை பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அடுத்த வேலைக்கு முன் பதினொரு மணி நேர ஓய்வு வேண்டும் என்பது ஜெர்மன் வேலைநேரச் சட்டத்தின் அடிப்படை. மாணவர் படம்தானே என்று அதைத் தளர்த்த அவள் ஒப்பவில்லை. இயக்குநர் கெஞ்சினார், விளக்குகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் அந்த வீடு எங்களுக்குக் கிடையாது.

நள்ளிரவு தாண்டியும் லைட்மேன்கள் நின்றுகொண்டிருக்கும் செட்டுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. தொகுப்பறைக்கு வந்த பிறகு, அவள் செய்ததே சரி என்ற முடிவுக்கு வந்தேன். இன்றும் அதே கருத்துதான். களைத்துப்போன நடிகையின் முகத்தை எடுத்திருந்தாலும் நான் அதைப் பயன்படுத்தியிருக்கமாட்டேன் என்பது ஒரு காரணம். உழைப்பவர்களின் தூக்கத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை எந்த ஷாட்டுக்கும் இல்லை என்பது அதைவிட முக்கியமான காரணம்.

ஆக, முகம் இல்லாமல் அந்தக் கணத்தைக் கட்ட வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தவை: தாய் மேசையில் காப்பி ஊற்றும் நடுத்தரக் காட்சி, மகளின் முதுகுப்புறத்திலிருந்து எடுத்த ஒரு காட்சி, அவளுடைய கை நாற்காலியின் முதுகைப் பற்றியிருக்கும் ஒரு சிறிய துண்டு. ஒலி மாணவர் எல்லோரையும் அமைதியாக நிற்கச் சொல்லி அந்த அறையின் மௌனத்தைத் தனியாகப் பதிந்து வைத்திருந்தார். குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரமும் வெளியே டிராம் போகும் தொலைதூர ஓசையும் அதில் இருந்தன. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். தாய் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், நான் மகளிடம் வெட்டாமல் தாயிடமே தங்கினேன். அவள் காப்பி ஊற்றுவதைத் தொடர்கிறாள். ஃப்ரேமுக்கு வெளியே நாற்காலி தரையில் உராயும் ஓசை மட்டும் கேட்கிறது. தாயின் கை ஒரு கணம் நிற்கிறது, கண்களை மட்டும் அவள் உயர்த்துவதில்லை. அதன் பிறகுதான் நாற்காலி முதுகில் இருக்கும் கை. மகளின் முகம் தேவைப்படவே இல்லை.

அதே காட்சியில் இன்னொன்று. தாயாக நடித்தவர் அந்த வாக்கியத்தைத் தொடங்கும் முன் மூச்சை இழுக்கிறார், ஐந்தாறு ஃப்ரேம் அளவுக்கு. டப்பிங் ஒலியோடு பழகிய காது அப்படிப்பட்ட மூச்சைத் தேடிப் பிடித்து நீக்கிவிடும். நம் படங்களில் பெரும்பாலும் குரல் பின்னால் பதிவாவதால் வாய் அசையும் இடத்தில் சொல் தொடங்கினால் போதும். ஆசிரியர் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து ஓட்டச் சொன்னார். மூச்சு இல்லாத வடிவத்தில் தாய் ஒரு தகவலைத் தெரிவித்தாள். மூச்சு இருந்த வடிவத்தில், பல நாள்களாகச் சொல்லத் தயங்கியதைச் சொன்னாள். படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிந்து அதையே இறுதிவரை காப்பாற்றுவதன் மதிப்பை அன்று என் காதால் உணர்ந்தேன். அன்றிலிருந்து நான் ஷாட்டின் தொடக்கத்தைக் கண்ணால் முடிவு செய்வதில்லை.

முதல் தொகுப்பைத் திரையிடும் நாளில் குழு முழுவதும் வருகிறது. அங்கே பாராட்டு முன்னுரைகள் குறைவு. நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். ஒளிப்பதிவு மாணவர், தாம் மணிக்கணக்கில் ஒளியமைத்த காட்சி ஏன் படத்தில் இல்லை என்று கேட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, உண்மையாகவே காரணம் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார். நான் தடுமாறி, வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசிவரை சுமந்துகொண்டுபோய்ச் சேர்த்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அந்தக் காட்சி மகளின் பக்கம் சாய்கிறது. அதை வைத்தால் பார்ப்பவர் தாயைக் குற்றவாளியாக்கிவிடுவார். அவர் சற்று யோசித்து, ஒப்புக்கொண்டார். அழகான வாக்கியம் ஒன்றும் அன்று என் வாயிலிருந்து வரவில்லை, ஆனால் காரணம் நின்றது. மொழி போதாத இடத்தில் காரணம் தெளிவாக இருந்தால் கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அந்தக் கூட்டங்களில்தான் கண்டேன்.

இருந்தாலும் மொழி விஷயத்தில் யாருக்கும் பொய் நம்பிக்கை தரமாட்டேன். பயிற்றுமொழி ஜெர்மன். ஆங்கிலம் தெரிந்தால் ஜெர்மனியில் சமாளித்துவிடலாம் என்ற பேச்சு கணினி, பொறியியல் முதுகலைப் படிப்புகளுக்குப் பொருந்தலாம். திரைக்கதையை வரிவரியாக வாதிடும் ஒரு வகுப்புக்குப் பொருந்தாது. படத்தொகுப்புக்கு இன்னும் கடினம்: சொல்லின் பொருள் புரிந்தால் போதாது, எந்த டேக்கில் நடிகர் உண்மையாகச் சொல்கிறார், எதில் ஒப்பிக்கிறார் என்பதும் காதில் விழ வேண்டும். பிற மொழிப் படங்களைப் பெரும்பாலும் டப்பிங் செய்தே திரையிடும் நாடு அது. எனவே ஊர் சினிமா கொட்டகையில் எந்த நாட்டுப் படத்துக்குப் போனாலும் ஜெர்மன்தான் கேட்கும். எனக்கு அதுவே இலவச மொழி வகுப்பாக உதவியது.

மொழியின் பாரமே இல்லாமல் நான் கற்ற இடம் ஒன்று இருந்தது. போட்ஸ்டாமின் மையத்தில், 1685இல் எழுப்பப்பட்டுப் பின்னர் அரசக் குதிரை லாயமான நீண்ட கட்டடத்தில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திரைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் அரங்கில் வெல்ட்டே நிறுவனம் செய்த, 1929ஆம் ஆண்டின் திரையரங்க ஆர்கன் என்ற இசைக்கருவி ஒன்று உண்டு. ஊமைப்படங்களுக்கு அதை நேரடியாக வாசிப்பார்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே வாசிப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த வெட்டைக் கடந்து ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கிறார் என்று கவனித்தால், தாளத்துக்கும் வெட்டுக்கும் உள்ள உறவு எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகப் புரியும். போட்ஸ்டாம் பக்கம் போகிறவர்கள், படிக்க வராவிட்டாலும், ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

செலவுக்கு வருகிறேன். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் ஒரு தொகை கட்ட வேண்டும், மாணவர்களுக்கான பயணச்சீட்டும் அதில் அடங்கும். ஆனால் விசாவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ, மாதத்துக்கு 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். இந்திய மாணவர்களின் சான்றிதழ்களை ஏபிஎஸ் என்ற அமைப்பு சரிபார்த்துத் தரும் சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயமாகியிருக்கிறது. படித்துக்கொண்டே ஆண்டுக்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ வேலை செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் படப்பிடிப்பும் தொகுப்பும் நடக்கும் வாரங்களில் வேறு வேலைக்கு உடம்பில் தெம்பு இருக்காது. சென்னையில் ஒரு முகவர், திரைப்படப் பள்ளியில் இடம் வாங்கித் தருவதாக என்னிடம் பெருந்தொகை கேட்டார். அப்படி எவராலும் வாங்கித் தர முடியாது. ஒரு துறைக்கு மிகச் சிலரையே எடுக்கும் நுழைவுத் தேர்வு அது. உங்கள் வேலையையும் உங்களையும் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பள்ளி தராதவற்றையும் சொல்ல வேண்டும். நெருக்கும் ரிலீஸ் தேதியின் முன்னால் இரவோடு இரவாக ஒரு ரீலைச் சீராக்கும் வேகம் அங்கே வராது. டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரின் அசைவைத் திரையரங்கின் பின்வரிசையிலிருந்து படிக்கும் அறிவும் வராது. நம் எடிட்டர்களிடம் அது ஊறிக் கிடக்கிறது. இன்று ஒரு படத்தைத் தொகுக்கும்போது என் கை சாலிகிராமத்து வேகத்தில்தான் போகிறது. நிறுத்தி, ஏன் என்று கேட்பது மட்டும் பாபெல்ஸ்பெர்க்கிலிருந்து வந்த பழக்கம். என்னுடைய உதவியாளர்களையும் அதே கேள்வியைக் கேட்கிறேன். முதலில் மிரள்கிறார்கள், பிறகு என்னையே திருப்பிக் கேட்கத் தொடங்குகிறார்கள். அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

விண்ணப்பிக்க எண்ணுபவர்கள் முதலில் ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். உங்கள் வேலையின் மாதிரிகளைக் கோத்த ஷோரீல் பிறகு ஆகட்டும். அனுப்பும் வேலையில் ஐரோப்பியப் படத்தின் சாயலை வலிந்து பூசாதீர்கள். உங்கள் தெரு, உங்கள் வீட்டுப் பேச்சு, நீங்கள் நன்கறிந்த முகங்கள் ஆகியவற்றைப் படமாகத் தொகுத்து அனுப்புங்கள், அவற்றைப் பற்றித்தான் உங்களால் காரணத்தோடு பேச முடியும். சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்காதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களே ஒவ்வோர் ஆண்டும் ஸேஸ்யூஷ்ட்டே என்ற சர்வதேச மாணவர் திரைப்பட விழாவை நடத்துகிறார்கள். 1972இல் கிழக்கு ஜெர்மனியில் தொடங்கிய மாணவர் திரைப்பட நாள்களின் தொடர்ச்சி அது; உலகெங்குமுள்ள மாணவர் படங்களை ஏற்கிறது. தரமணியிலோ வேறெங்கோ திரைப்படம் படித்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் படத்தை அடுத்த விழாவுக்கே அனுப்பலாம். வசனத்துக்கு ஆங்கிலச் சப்டைட்டிலைக் கவனமாகச் செய்து அனுப்புங்கள்.